மணிமொழியின் கன்னத்தில் தோன்றிய புள்ளி குறித்து

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
13.11.2007

அன்பும் மதிப்பும் உரிய மைத்துனர் திரு. இளஞ்செழியன் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காள் பொன்னியும் மகள் மணிமொழியும் உடலளவில் நலம். மனத்தளவில் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள் கொடுத்த கேமரா. சென்னையில் தாங்களும் குடும்பத்தாரும் இரு வகையிலும் நலமாக இருக்க விழைகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசியதைப் பேசவே இல்லை என்று சொல்லிவிட முடியும். எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. இக்கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை பகலுணவின்போது, "நான் புதுசு வாங்கிட்டேன் மாமா, இத நீங்க வச்சிக்கோங்க, மணிமொழிய நல்லா நாலு படம் எடுத்து மாப்ள வூட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லி மேற்படி கேமராவை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நல்ல நிலையில் உள்ள பொருளை ஒருவர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற ஐயம் அப்போதே எனக்கு எழுந்தது. சோற்றில் கை வைத்திருக்கும் விருந்தாளியைக் குறுக்கு விசாரணை செய்வது முறையல்ல என்பதால் மட்டுமே கேட்காமல் விட்டேன்.

முதல் வாரம் கேமரா படம் எடுக்க மறுத்தது. சுவரில் இருந்த காலண்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பொத்தானை அழுத்தினேன்; லென்ஸ் முன்னும் பின்னும் கிர்ர் என்று நகர்ந்து, யோசித்து, வேண்டாம் என்று நின்றுவிட்டது. உடைமையாளர் தொட்டால்தான் வேலை செய்யுமாறு ஏதேனும் செய்து வைத்திருக்கிறீர்களோ என்று நினைத்தேன். பிறகு கையேட்டைப் படித்ததில், அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸுக்குக் குறி பிடிபடாது, பின்னால் தள்ளி நிற்க வேண்டும் என்று இருந்தது. தள்ளி நின்றேன். இப்போது கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் எல்லாமே மங்கல். கண் மருத்துவரிடம் போனேன். "பவர் மாறல சார்" என்றார். அவர் மேல் நம்பிக்கை வராமல் இன்னொருவரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட எண்ணினேன். கடைசியில் மணிமொழி அந்தத் துவாரத்தின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை நகத்தால் ஒரு திருகு திருகினாள், உலகம் தெளிந்துவிட்டது. அந்தச் சக்கரத்தைத் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே எனக்குச் சொல்லாமல் போனீர்கள். அடுத்து, கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது. என் வீட்டில் என்னைக் கேட்காமல் பூட்டியது யாருங்க? கார்டின் பக்கவாட்டில் ஒரு துளிப் பூட்டாம். அதையும் மணிமொழியே தள்ளிவிட்டாள். ஆகவே அக்டோபர் 22 காலை வரை மேற்படி கேமராவில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளவும்.

22ஆம் தேதி மொட்டைமாடியில், மலை பின்னால் தெரிய மணிமொழியை நிற்க வைத்து எடுத்தேன். முகம் கழுத்தெல்லாம் நீலம். "இன்னாப்பா, நான் என்ன கிருஷ்ணரா?" என்று கேட்டாள். பல்பு வெளிச்சத்துக்கான அமைப்பை வெயிலில் வைத்தால் அப்படித்தான் வருமாம், மாற்றினோம். அதன்பின் ஒரு படம் மிக நன்றாக வந்தது. ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கும் ஆதிமூலம் அவர்களுக்கு அனுப்பினேன். அவர் மகன் எழில் இன்ஜினியர், நல்ல குடும்பம், அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து மணிமொழிக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. இப்படி எல்லாம் கூடி வரும் இடம் எளிதில் அமையாது என்பது தங்களுக்குத் தெரியும்.

நேற்று ஆதிமூலம் போன் செய்தார். "சார், போட்டோ பாத்தோம். எங்க வூட்டுக்கார அம்மா சந்திரம்மாளுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. முக்கியமா பொண்ணுக்கு இடது கன்னத்துல மச்சம் இருக்குது பாருங்க, அது வூட்டுக்கு ராசினு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம வந்து தட்டு மாத்திக்கலாங்க."

மச்சான், மணிமொழிக்கு மச்சம் கிடையாது.

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில் கடுகளவு கரும்புள்ளி. முதலில் ஸ்டூடியோக்காரரைச் சந்தேகித்து வேறொரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன், அங்கும் இருந்தது. அங்கேயே வேறு லென்ஸ் இரவல் வாங்கி மாட்டினேன், இருந்தது. வெள்ளைச் சுவரை எடுத்தேன், வானத்தை எடுத்தேன், மலையை எடுத்தேன், எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி. மலைப் படத்தில் யாரோ ஒரு சாமியார் உச்சியில் நிற்கிறார் என்றே ஒரு மணி நேரம் நம்பினேன். ஸ்டூடியோக்காரர், "லென்ஸ் கழட்டறப்போ உள்ள தூசி போயிருக்கு சார், படம் பதியற சென்சார்ல ஒக்காந்துனுகீது, வெள்ளத் தூசின்னாலும் படத்துல கறுப்பாத்தான் வுழும்" என்றார். அதை எழுத்து மூலம் தர முடியுமா என்று கேட்டேன். "கார்த்திகை தீபத்துக்கு ஊரே நெரம்பப் போவுது, பாஸ்போர்ட் சைஸ் போடவே டைம் இல்ல, நீங்க வேற" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பேச்சு எப்படிப் போனது தெரியுமா? தங்கள் அக்காள், "ஏங்க, ஞாயித்துக்கெழம ஒரு மைப்பொட்டு வச்சி உக்கார வச்சிட்டா முடிஞ்சிது" என்கிறாள். "தெனம் வைக்கணும்மா, முப்பது வருசம்" என்கிறாள் மகள். நான் ஒப்பவில்லை. இல்லாத மச்சத்தைக் காட்டிச் சம்மதம் பெறுவது ஏமாற்று. அதுவும் நோட்டரி வீட்டில். இருபத்தாறு வருடமாக உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டவன், சொந்த மகளின் நகலில் பொய் வைத்தான் என்று ஊர் பேசும். உண்மையைச் சொன்னாலோ, ராசி போய்விட்டது என்று அவர்கள் எழுந்து போய்விடலாம். ஆகவே, முதல் படத்திலேயே புள்ளி இருந்ததால் அது தங்கள் கையிலிருந்தபோதே நுழைந்தது என்று கருத எனக்கு எல்லா ஆதாரமும் உண்டு. சனிக்கிழமைக்குள் தாங்கள் நேரில் வந்து, தூசியுடன்தான் கேமராவை ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரும்போது கேமராவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரையும் அழைத்து வரவும். தவறினால் நம் உறவு குறித்து நான் மறுபடி யோசிக்க நேரிடும்.

தங்கள் மனைவி தேவசேனாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். அண்ணாமலையார் அருளால் தாங்கள் எல்லாம் பெற்று, ஒப்படைக்கும்போது சரிபார்த்து ஒப்படைக்கும் வழக்கத்தையும் பெறுவீர்களாக.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவர்,
சகாதேவன், பி.ஏ., பி.எல்.

பின்குறிப்பு: உறையில் இட்டு ஒட்டுமுன் இக்கடிதத்தைத் தங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். "தம்பிய ஏங்க திட்றீங்க? ஆயுத பூஜையன்னிக்கு நான்தான் லென்ஸக் கழட்டி, உள்ள ஒரு சிட்டிகை அண்ணாமலையார் விபூதி போட்டு வச்சேன். மிக்ஸி, சைக்கிள், உங்க சட்டப் புஸ்தகம் எல்லாத்துக்கும் வக்கிறேன், இதுக்கு மட்டும் வெளிய வச்சிட்டு உள்ள வக்காம விடறதா?" என்றாள். ஆயுத பூஜை அக்டோபர் 20. ஆகவே தங்கள் மீது மேலே கூறிய அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கண் சக்கரம் நீங்கலாக.

இதற்கிடையில் மணிமொழி என்னைக் கேட்காமலே எழிலுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டாள். அரை மணியில் சந்திரம்மாளே கூப்பிட்டார். அண்ணாமலையார் விபூதி தானாகப் போய் ஒரு பெண்ணின் கன்னத்தில் உட்கார்ந்ததென்றால் அது மச்சத்தைவிட ஜாஸ்தி ராசியாம். ஞாயிறு உறுதி. கல்யாணப் படங்களும் இதே கேமராவில்தான் எடுக்க வேண்டுமாம். எனவே சுத்தம் செய்பவரை அழைத்து வர வேண்டாம். தாங்கள் மட்டும் தட்டு மாற்றத் தாய்மாமனாக வந்தால் போதும்.

இன்னொன்று. அவர்கள் அனுப்பிய பையன் படத்தை மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வலது கன்னத்தில் அழகான குழி ஒன்று விழுகிறது. மணிமொழிக்குப் பிடித்ததே அந்தக் குழிதானாம். அது என்ன கேமராவில் எடுத்தது என்று ரகசியமாக விசாரித்து, சனிக்கிழமைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.