நடு சீட்டுக்கு ஓர் ஆய்வுக் குழு

மனித குலத்தின் வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரித்துவிடலாம். கிடைத்த இடத்தில் உட்கார்ந்த காலம் ஒன்று. உட்காரும் முன் குழு அமைத்து ஆராய்ந்த காலம் இன்னொன்று. முதல் காலம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடித்தது. இரண்டாவது காலம் சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கியது. தொடங்கி வைத்தவன் அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருஷப் பணியில் நானாக எந்த முடிவும் எடுத்ததில்லை. எல்லாவற்றையும் குழுதான் எடுத்தது. அதனால்தான் என்மீது இன்றுவரை ஒரு புகார்கூடக் கிடையாது.

இந்தக் குழுவுக்குக் காரணம் என் மனைவியின் முதுகு. அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடி ஊராருக்கு வலி மாத்திரை எடுத்துக் கொடுத்ததில் அவளுக்கே டிஸ்க் விலகிவிட்டது. அதே வாரத்தில்தான் அவளுடைய அக்காவுக்கு இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அக்கா இருப்பது எட்டு மணி நேரப் பயண தூரத்தில். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலை பின்னிவிட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவள் அவள். "உள்ள போறதுக்கு முன்னால உன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துடறேன்டி" என்று போனில் சொல்லியிருந்தாள்.

முதுகு டாக்டர் தெளிவாகச் சொன்னார். "போகலாம்மா. ஆனா உட்கார்ற சீட் சரியா இருக்கணும். சரியில்லாத சீட்டுன்னா போகவே போகாதீங்க. அப்புறம் எழுந்து நிக்கறதே பெரும்பாடாயிடும்."

எங்கள் பழைய காரின் சீட்டில் ஸ்பிரிங்குகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. புதுக் கார் வாங்க ஐந்து வாரம் அவகாசம் இருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் மனைவியைக் கார்க் கடைக்கு அழைத்துப் போய், "எந்த சீட்ல உனக்கு வலிக்கல?" என்று கேட்டிருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லை. 'நெடுந்தூரப் பயண இருக்கை வசதி ஆய்வுக் குழு'வை அமைத்தேன்.

தலைவர், நான். மூத்த ஆலோசகர், என் அப்பா. ஓய்வு பெற்ற நில அளவையாளர். இன்றும் சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே போக மாட்டார். தொழில்நுட்ப வல்லுநர், என் தம்பி. கார்களைப் பற்றி முந்நூற்றுச் சொச்சம் வீடியோ பார்த்தவன். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் எந்த வண்டியின் மீதும் பாரபட்சம் கிடையாது. நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர், பத்தாவது படிக்கும் என் மகள். கையெழுத்து நன்றாக இருக்கும்.

முதல் கூட்டத்துக்குக் காபி கொண்டு வந்த என் மனைவி, தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நானும் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பாத்துடறேங்க. என் முதுகுதானே?"

"அதனாலதாம்மா நீ வரக்கூடாது" என்று பொறுமையாக விளக்கினேன். "நீ பயனாளி. பயனாளியே தேர்வுக் குழுவில இருந்தா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க."

"யாரு கேப்பாங்க?"

"யாராவது."

"நம்ம வீட்டுக்குள்ள வந்து யாருங்க கேக்கப்போறாங்க?"

"கேக்கறவங்க சொல்லிட்டா வருவாங்க?" என்றார் அப்பா.

அவள் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். 'பயனாளிக்கு ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொன்னேன்.

அடுத்த மூன்று வாரங்கள் குழு ஓயாமல் உழைத்தது. ஏழு கடைகள், பத்தொன்பது வண்டிகள். அப்பா ஒவ்வொரு சீட்டிலும் ஏறித் தொடைக்கு எத்தனை அங்குலம், கழுத்துக்கு எத்தனை அங்குலம் என்று நாடா பிடித்தார். ஒரு கடையில் அளந்துகொண்டிருந்தபோதே தூங்கிவிட்டார். 'உறக்கத் தரம்: மிக நன்று' என்று அந்த வண்டிக்கு மதிப்பெண் போட்டோம். தம்பி எல்லா சீட்டுகளையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, பழுக்காத பழத்தை ஒதுக்குவதுபோல உதட்டைப் பிதுக்கினான். நான் ஓட்டுநர் சீட்டில் மட்டும் உட்கார்ந்தேன். தலைவருக்கு வேறெங்கே இடம்?

கடைசியில் ஒரு வண்டி எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஓட்டுநர் சீட்டில் இடுப்புக்குத் தனித் தாங்கி. பக்கத்து சீட்டில் முதுகைப் பிடித்துவிடும் எந்திரம். அப்பா அதில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியதும் அவர் முகத்தில் வந்த அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்பக்கம் இரண்டு ஜன்னலோரமும் மெத்தையாக இருந்தன.

நடுவில் இருந்தது ஒரு மடக்குக் கைத்தாங்கி. கீழே இழுத்தால் இரண்டு தம்ளர் வைக்கலாம். மேலே நிமிர்த்தினால் அதற்குப் பெயர் சாய்மானம். காலடியில் ஒரு மேடு.

என் மனைவி உட்காரப்போவது அங்கேதான். இதை யாரும் திட்டமிடவில்லை. நான் ஓட்டுகிறேன். பெரியவர் என்ற மரியாதைக்கு அப்பா முன்னால். ஜன்னலோரம் இல்லாவிட்டால் மகளுக்கு வாந்தி வரும். தம்பிக்குக் கால் நீளம். எல்லோரும் உட்கார்ந்து முடித்த பிறகு நடுவில் ஓர் இடம் மிச்சம் இருக்கும். கல்யாணமான பதினேழு வருஷத்தில் ஜன்னலோரத்து ஆட்கள் மாறியிருக்கிறார்கள். நடு இடத்து ஆள் மாறியதே இல்லை. அவ்வளவு உறுதியான ஏற்பாடு எங்கள் அலுவலகத்தில்கூடக் கிடையாது.

எனவே நடு இடத்தைத் தனிக் கவனத்துடன் சோதிக்க முடிவு செய்தோம். அதில் யார் உட்காருவது என்பதில் சிக்கல் வந்தது.

"எனக்குக் கால் இடிக்கும்ணா" என்றான் தம்பி.

"எனக்கு மூட்டு வலி" என்றார் அப்பா.

"வாந்தி வரும்" என்றாள் மகள்.

இங்கேதான் என் அனுபவம் கை கொடுத்தது. நேரில் வர இயலாதவர்களுக்குப் பிரதிநிதி வைப்பது அலுவலக நடைமுறை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் என் மனைவியின் எடை அறுபத்தொரு கிலோ என்று இருந்தது. பழைய செய்தித்தாள்களையும் மகளின் பழைய பாடப் புத்தகங்களையும் ஒரு சாக்கில் போட்டு, எடை பார்த்து, வாயைக் கட்டினேன்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் தன் டையைச் சரி செய்துகொண்டார்.

"சார், இது எதுக்கு?"

"இது என் மனைவி."

நல்ல பயிற்சி பெற்ற விற்பனையாளர் அவர். ஒரு நொடிதான் திகைத்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். மேடத்துக்கு சீட் பெல்ட் போட்டுடலாமா?"

"போடுங்க."

"மேடம் நடுவுலயா சார்? நடு சீட்டுன்னா எல்லார்கூடவும் பேசிக்கிட்டே வரலாம். மத்த வண்டியில இந்த வசதி இல்ல சார்."

ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினோம். மேடுகளில் குதித்தோம். வளைவுகளில் சாய்ந்தோம். திரும்பி வந்ததும் அப்பா பின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"நகரல. சாயல. வச்சது வச்சபடி இருக்கு."

"ஒரு முனகல்கூட இல்லண்ணா" என்றான் தம்பி.

"தாத்தா, மூட்டைக்கு முதுகெலும்பு கிடையாதே?" என்று மகள் கேட்டாள். நுட்பமான கேள்விதான். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன். அடுத்த கூட்டம் நடக்கவில்லை, ஏனென்றால் அன்றே காரைப் பதிவு செய்துவிட்டோம்.

இருபத்து மூன்று பக்கத்தில் அறிக்கை தயாரானது. அதை மனைவியிடம் ஒப்படைத்தபோது என் உச்சி குளிர்ந்திருந்தது. கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "படிச்சுடறேங்க" என்றாள். முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. உண்மையாகவே அவள் எங்களை நம்பினாள். இதை இப்போது எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அறிக்கையில் வெட்கத்துக்கு இடமில்லை, மேலே செல்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

முதல் ஒரு மணி நேரம் என் மனைவி அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த அரை மணி நேரம் ஒன்றிரண்டு வார்த்தை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முன் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் அப்பா. பொத்தானை அமுக்கியிருந்ததால் அவர் குரல் நடுங்கியது. "எ-ன-க்-கு அ-ரு-மை-யா இ-ரு-க்-கு."

"அண்ணி, இந்த ஃபோமோட அடர்த்தி இருக்கே..." என்று தம்பி தொடங்கினான்.

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க."

"அட்டவணைப்படி அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் நாப்பது நிமிஷம்..."

"நிறுத்துங்க."

பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கினாள், நிமிர முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடியே நின்றாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. குழுவாக இல்லாமல் தனி ஆளாகப் பயப்படுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

"திரும்பிடலாம்ணா. டாக்டர்தான் அப்பவே சொன்னாரே" என்றான் தம்பி.

"போன்ல பேசிக்கலாம்மா" என்றார் அப்பா. "இப்பதான் வீடியோல மூஞ்சி பளிச்சுன்னு தெரியுதே."

என் மனைவியின் கண்ணில் நீர் முட்டியது. அது முதுகு வலியால் வந்ததில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்போது மகள் அம்மாவின் கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் புரட்டினாள். ஏழாம் பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'ஓட்டுநர் இருக்கை. இடுப்புத் தாங்கியை எட்டு விதமாக மாற்றி அமைக்கலாம். முதுகு வலி உள்ளவர்களுக்கு இதைவிட உகந்த இருக்கை உலகிலேயே இல்லை. ஒப்பம், தலைவர்.' அப்பா, இது நீங்க சொல்லி நான் எழுதினதுதான்."

என் மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

"சாவியக் கொடுங்க."

"நெடுந்தூரம்னா எப்பவும் நான்தானே..."

"தினமும் மருந்துக் கடைக்குக் கார் ஓட்டிட்டுப் போறது யாரு? கொடுங்க. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நடந்துட்டு ஏறிக்கறேன். இன்னிக்கு நான் எங்க அக்காவப் பாக்கணும்."

கொடுத்தேன். அவள் ஏறி, தாங்கியை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, சரியான இடம் கிடைத்ததும் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் இருந்த நிம்மதியை அளக்க அப்பாவிடமும் நாடா இல்லை.

"அப்ப நான் எங்க உட்கார்றது?" என்றேன்.

எல்லோரும் ஏற்கெனவே அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வாறாகத் தலைவர் அவர்கள் பின்னிருக்கை நடுவிடத்தில் ஆறு மணி நேரம் நேரடிக் கள ஆய்வு மேற்கொண்டார். தம்ளர் வைக்கும் குழிகள் இரண்டும் முதுகில் எங்கெங்கே பதியும் என்பது இப்போது எனக்கு அத்துப்படி. காலை எங்கே வைத்தாலும் மேடு. மேட்டின் மேலேயே வைத்தால் முழங்கால் மூக்குக்கு வந்தது. பதினைந்து நிமிஷத்தில் "அம்மா" என்று ஒரு சத்தம் என்னிடமிருந்து என் அனுமதியின்றி வெளியேறியது.

காரில் உடனே பரபரப்பு. அப்பா எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி, "என்னப்பா ஆச்சு?" என்று பதறினார். தம்பி, மடக்கவே முடியாத தன் நீளக் கால்களை மடக்கிக்கொண்டான். மகள் தலைக்கு வைத்திருந்த தலையணையை என் முதுகுக்குக் கொடுத்தாள். அப்பா ஒன்று, தம்பி ஒன்று. காரில் மூன்று தலையணை இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக, ஆனால் நிமிர்ந்தே நடந்து போனாள். அக்கா அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தாள். "வந்துட்டியாடி" என்றாள்.

என்னை இறக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தம்பி கைகளைப் பிடித்து இழுத்தான், மகள் பின்னாலிருந்து தள்ளினாள். காருக்குள் எந்த வடிவத்தில் இருந்தேனோ அதே வடிவத்தில் வெளியே வந்து நின்றேன். பெற்ற வயிறு இல்லையென்றாலும் பெற்ற மனசு, அப்பா கொதித்துப்போனார்.

"ஒரு மனுஷன் உட்கார்ற எடமா அது? இதுல ஆளைப் போட்டு இவ்வளவு தூரம் கொண்டு வரலாமா? அந்தக் கடைக்காரன சும்மா விடக்கூடாது!"

"கூடவே கூடாதுப்பா" என்றான் தம்பி.

வாசலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. 'இனி நடு இடத்தில் யாரையும் உட்கார வைப்பதில்லை' என்ற தீர்மானம் மூன்றே நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேறியது. எழுதிக்கொள்ளும்படி மகளிடம் சொன்னேன்.

அக்காவின் தோளில் சாய்ந்திருந்த என் மனைவி, தலையைக்கூடத் திருப்பாமல் என் அப்பாவிடம் சொன்னாள்.

"மாமா, பதினேழு வருஷத்துல இன்னிக்குத்தான் அங்க ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்காரு."