தோளில் படாத தண்டு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "அது எப்படி?" என்று கேட்டுவிடுவேன். அடக்கிப் பார்த்தால் வயிற்றை என்னவோ செய்யும். வைத்தியரிடமும் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டினால் வயிற்றில் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மருந்து தராமலே அனுப்பிவிட்டார்.

இந்த வியாதி என்னை ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று தூத்துக்குடித் தெரு நடுவில் நிறுத்திய கதைதான் இது. யுத்தம் முடிந்த மறுவருஷம் நடந்தது. அப்போது நான் துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் கிளார்க்கு. ரோசம்மாளைக் கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. என் உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டை மாட்டும் ஆணிக்கும் எனக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது என்று கிட்டங்கியில் பேசிக்கொள்வார்கள்.

பெரிய வெள்ளி சாயங்காலம் எங்கள் கோயிலில் தூம்பா எடுப்பார்கள். ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய கனத்த மரப்பெட்டிதான் தூம்பா. இரண்டு பக்கமும் நீளமான தண்டு கட்டி, தண்டுக்கு நாலு பேராக எட்டுப் பேர் தூக்குவார்கள். எட்டு இடமும் எட்டுக் குடும்பத்துக்கு உரியவை. இடப்பக்கத் தண்டின் முன்முனை என் மாமனார் வீட்டு இடம். தெருவைச் சுற்றிக் கோயில் திரும்பும் வரை தோளை எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்தால் அந்த இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

என் மாமனார் தோணிக்காரர். வாலிபத்தில் முத்துக்குளிக்கக் கடலில் இறங்கியவர். ஆறடிக்கு மேல் உயரம். அந்த வருஷம் தை மாதத்தில் தோணியில் பாய்மரக் கட்டை விழுந்து அவருடைய தோள்பட்டை எலும்பு உடைந்துபோயிற்று. அவருக்கு மகன் கிடையாது. மகள் ஒன்று, மருமகன் ஒன்று.

"மாப்ள, எங்க தாத்தா காலத்து எடம் அது. நீங்க நிக்கணும்," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாப்பது நாளு இருக்கு. பாத்துக்கிடுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எனக்காகவே வைத்தது போல் இருந்தது. கிறிஸ்தவ வாழ்க்கை ஓர் ஓட்டப்பந்தயம், உடம்பைப் பழக்குகிறவன்தான் கடைசிவரை ஓடுவான் என்று சாமியார் சொன்னார். பூசை முடிந்ததும் அவர் அங்கியைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, "சாமி, அந்தப் பந்தயம் எத்தனை மைல்?" என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து நான் கடற்கரை மணலில் ஓடினேன். மணலில் ஓடினால் ஏன் மூச்சு இரண்டு மடங்கு வாங்குகிறது என்று யோசித்துக்கொண்டே ஓடியதில் ஒருநாள் வலைமேல் விழுந்தேன். (வலைக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.) மத்தியானம் கிட்டங்கியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். முதல் வாரம் கால் மூட்டை, இரண்டாம் வாரம் அரை மூட்டை. மாமனார் சொல்லிக்கொடுத்தபடி கடலில் கழுத்தளவு நின்று முங்கி, மூச்சுப் பிடித்தேன். மூச்சைப் பிடிப்பதற்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "முங்குனா பேச முடியாதுல்லா," என்றார் மாமனார்.

இதில் ஒரு சங்கடம், அது பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம். ஒருசந்தி இருக்க வேண்டும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை இருந்தார்கள். எனக்கோ வைராக்கியம் தலைக்கேறி நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு. உப்பு நிறுக்கும் தராசில் சனிக்கிழமைதோறும் ஏறி நின்று பார்த்தேன். உடம்பு ஏற ஏறத் தராசு இறங்கும் என்று நினைத்திருந்தேன். வாரத்துக்கு வாரம் நான்தான் இறங்கினேன்.

"மூட்டையத் தூக்குதவரு கஞ்சியாவது குடிக்கணும்லா?" என்றாள் ரோசம்மாள்.

"ஆத்துமா பலப்படுது," என்றேன்.

"தூம்பாவ ஆத்துமாவா தூக்கப்போவுது?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

இருந்தாலும் ஐந்தாவது வாரத்தில் முழு மூட்டையோடு கிட்டங்கியை ஒரு சுற்று வந்துவிட்டேன். மாமனார் வந்து பார்த்தார். அவர் கண் கலங்கியது. என் தோளை அமுக்கிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், திருப்தியாகப் போனார். எடை, மூச்சு, தூரம் என்று எல்லாவற்றையும் அளந்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றே ஒன்றை அளக்கவில்லை. தூம்பா வருஷத்துக்கு ஒரே ஒருமுறைதான் வெளியே வரும். ஒத்திகை கிடையாது.

பெரிய வெள்ளி வந்தது. அன்று மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். தெரு முழுக்கச் சனம், ஆனாலும் ஒருவரும் பேச மாட்டார்கள். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் கை காட்டினார். எட்டுப் பேரும் குனிந்து தூக்கினோம். எனக்கு நேர் பின்னால் தொம்மை அண்ணன். துறைமுகத்தில் பஞ்சுப்பொதி ஏற்றுகிறவர், என் மாமனாருக்குச் சமமான உயரம்.

முதல் அடி வைத்தேன். கனக்கவில்லை. பத்தடி போயும் கனக்கவில்லை. மேலே தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்தேன். முதல் தெருமுனையில் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. நாற்பது நாள் ஒருசந்தியின் பலன் இது. ஆண்டவரே என் பாரத்தை வாங்கிக்கொண்டார். என் முகம் தானாக ஓர் அர்ச்சியசிஷ்டரின், அதாவது புனிதரின், முகமாக மாறியதை நானே உணர்ந்தேன்.

பின்னாலிருந்து தொம்மை அண்ணன் முனகும் சத்தம் கேட்டது. பாவம், தபசு காலத்தில் ஒழுங்காக ஒருசந்தி இருந்திருக்க மாட்டார் என்று இரக்கப்பட்டேன். அவருக்காக ஒரு செபம்கூடச் சொன்னேன்.

பாதித் தெரு தாண்டியதும் வியாதி தலைகாட்டியது. இவ்வளவு கனம் சுமந்த தோள் எவ்வளவு வீங்கியிருக்கும்? மறு கையைக் கொண்டுபோய்த் தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் விட்டேன். நாலு விரலும் தாராளமாக உள்ளே போயின.

மரியாதையாக வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் விஷயம் தொம்மை அண்ணனோடு போயிருக்கும். மாமனார் வீட்டு இடமும் பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அந்த நிசப்தத்தில், என் வாய் கேட்டது.

"தொம்மை அண்ணே, இது என் தோள்ல படவே இல்லியே. அப்ப யாரு தூக்குதா?"

"நாந்தாம்ல தூக்குதேன்," என்றார் தொம்மை அண்ணன். "கோயில் வாசல்லேருந்து ஒம் பங்கையும் நாந்தாம்ல தூக்குதேன்."

தெரு முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். மெழுகுவத்தி பிடித்திருந்த பெண்கள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓரமாக நடந்து வந்த மாமனார் அப்போதுதான் தண்டைப் பார்த்தார், பிறகு என் உச்சந்தலையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மூன்று தலைமுறை இடத்தை நாலு விரல் உயரக் குறைச்சலால் தொலைத்தவன் நான். உபதேசியார் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் ரோசம்மாள் வந்துவிட்டாள். தூக்குகிறவர்கள் பக்கத்தில் பெண்கள் வரும் வழக்கமே இல்லை. தகப்பனார் தோளில் கிடந்த துண்டை உருவி, எட்டாக மடித்து, தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவில் திணித்தாள்.

அப்போது வந்தது கனம். ஒரு வருஷத்து உப்பு முழுவதும் ஒரேயடியாக இறங்கியது போல் இருந்தது. பின்னால் தொம்மை அண்ணன், "அப்பாடா," என்றார். அதுவும் தெரு முழுக்கக் கேட்டது.

"என்னால முடியாது," என்றேன்.

"அந்த வெளக்குக் கம்பம் வரைக்கும் வாங்க, போதும்," என்றாள் ரோசம்மாள், துண்டு நழுவாமல் பிடித்தபடி.

கம்பம் வந்தது. "இது இல்ல, அடுத்தது," என்றாள். அடுத்ததும் வந்தது. "இன்னும் ஒண்ணு." மொத்தம் எத்தனை கம்பம் என்று ஜென்மத்தில் முதல்முறையாக நான் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லை. என் கண் முன்னால் ஒரே ஒரு கம்பம்தான் எப்போதும் இருந்தது. அதுவரைக்கும் நடந்தேன். அவள் ஒவ்வொரு கம்பத்துக்கும் பொய் சொன்னாள். நான் ஒவ்வொரு பொய்யையும் நம்பினேன்.

கோயில் வாசலில் தூம்பாவை இறக்கினோம். இறக்கியதும் நான் உபதேசியார் மேல் விழுந்தேன். அவர் கையிலிருந்த மரக்கட்டை உருண்டு போயிற்று.

எழுந்து தூசி தட்டிக்கொண்டு உபதேசியார் மாமனாரைப் பார்த்தார். "தோள எடுக்கலியே. எடம் ஒமக்குத்தான்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வருசம் துண்டு மொதல்லயே இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷம் துண்டு வைத்து அந்த இடத்தில் நின்றேன். இப்போது என் மகன் நிற்கிறான். தாத்தா உயரம், துண்டு தேவையில்லை. தொம்மை அண்ணன் கடைசிவரை என்னைக் கண்டால் தன் தோளைத் தடவிக் காட்டுவார்.

எங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் சும்மா கூட நின்று முக்கினால், பேரப்பிள்ளைகள்கூட "தோள்ல படுதா?" என்றுதான் கேட்பார்கள். அதை ஆரம்பித்து வைத்தவள் ரோசம்மாள். இன்றைக்கும் ராத்திரிச் செபத்தில் நான் கண்ணை மூடி, குரலை உருக்கி, நீளமாகச் செபித்துக்கொண்டு போனால், பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்பாள்.

"தோள்ல படுதா?"

நான் கொஞ்சம் யோசிப்பேன். பல நாள் பட்டிருக்காது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.