கொக்கேரிப்பாக்கத்தின் வெளியுறவுக் கொள்கை

உத்திரமேரூரிலிருந்து கொக்கேரிப்பாக்கம் ஏழு மைல். ஐந்து மைல் வரை பஸ் வரும். மீதி இரண்டு மைல் பல வருஷங்களாக மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தது. இப்படிப்பட்ட ஊருக்கு வெளியுறவுக் கொள்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் நான் அந்தப் பஞ்சாயத்தின் கிளார்க்கு. ஆகையால் மனசுக்குள் கேட்டேன்.

எல்லாம் ஏரி மதகில்தான் ஆரம்பித்தது. ஏரிக்குள் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு துவாரம். அதை மூட ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் போகும், இறக்கினால் ஏரியில் நிற்கும். தூக்கி இறக்குகிறவன் நீர்க்கட்டி முனியன். அவனுக்குச் சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களம் களமாகப் போய்த் தன் பங்கு நெல்லை வாங்கிக்கொள்வான். ஊர் விளைந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் முனியன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"தலைவரே, மதகுக்கட்டை மக்கிப் போச்சு. வெரலு வெச்சா உள்ள போவுது. ஏரி ரொம்பினா தாங்காது. ஒரு வேலமரத்தை வெட்டிக் குடுத்தா ஆசாரி ரெண்டு நாள்ல செதுக்கிடுவாரு. ஊரு கூடி எறக்கிட்டா முடிஞ்சுது."

ஊர் கூடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஏரி வேலை என்று தமுக்கு அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நிற்க வேண்டும். குடிமராமத்து என்று பெயர். எனக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

தலைவர் பஞ்சாட்சரம் சரியென்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

உலகத்தில் அப்போது இரண்டு வல்லரசுகள் இருந்தன. இரண்டுமே எனக்குப் பரிசு கொடுத்தவை என்பதால் பெயரைச் சொல்ல மனசு வரவில்லை. ஒன்றை நீல தேசம், மற்றதைச் சிவப்பு தேசம் என்று வைத்துக்கொள்வோம். ஜீப்பிலிருந்து இறங்கியவர் நீல தேசத்து நிபுணர். கூட வந்தவர் விரிவாக்க அலுவலர் ஞானதாஸ். ஜீப் ஓடினால்தான் தன் உத்தியோகமும் ஓடும் என்பதை நன்றாக அறிந்தவர்.

நிபுணர் ஏரியைப் பார்க்கவில்லை. ஆபீஸ் சுவரைப் பார்த்தார். அங்கே சிவப்பு தேசத்துப் பத்திரிகையிலிருந்து கிழித்த வழவழப்பான படம் ஒன்று, கோதுமைக் கதிரோடு சிரிக்கும் பெண். பல்லி வருகிற ஓட்டையை மறைக்க நான்தான் ஒட்டியிருந்தேன்.

"இந்தம்மா யாருன்னு கேக்கறாரு," என்றார் ஞானதாஸ்.

தலைவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வது பதவிக்கு அழகல்ல. "எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க," என்றார்.

நிபுணரின் முகம் கறுத்தது. பத்தாம் நாள் ஐம்பது மூட்டை மக்காச்சோள மாவு வந்து இறங்கியது. மூட்டைக்கு மூட்டை இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம்.

"கவனிச்சியா பெருமாளு?" என்றார் தலைவர் என்னிடம். "ஒரு படத்துக்கு அம்பது மூட்டை. இந்த மூட்டைங்கள ரோட்டோரமா அடுக்கு. செவப்புக்காரன் கண்ணுல படணும்."

பட்டது. ஞானதாஸின் ஜீப் இருக்கும்போது படாமல் எங்கே போகும்? சிவப்பு தேசத்தார் பன்னிரண்டு கம்பளித் தொப்பிகளோடு வந்தார்கள். காதையும் மூடுகிற ரகம். அன்றைக்கு அக்கினி நட்சத்திரம் மூன்றாம் நாள். வார்டு மெம்பர்கள் பன்னிரண்டு பேரும் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மயங்கி விழுந்ததை, உணர்ச்சிப் பெருக்கு என்று ஞானதாஸ் அறிக்கையில் எழுதினார்.

அதன் பிறகு கொடுக்கல் வாங்கல் சூடு பிடித்தது. ஊருக்கு மின்சாரம் வேண்டும் என்றோம். நீல தேசம் இருபது கம்பங்கள் அனுப்பியது. கம்பி தருகிறோம், ஆனால் பதிலுக்கு ஒரு தீர்மானம் வேண்டும் என்றது சிவப்பு தேசம். எங்கேயோ ஒரு தீவில் நீல தேசம் கப்பலை நிறுத்தியிருந்ததாம். கொக்கேரிப்பாக்கம் அதை வன்மையாகக் கண்டிக்க வேண்டுமாம்.

"அந்தத் தீவு எங்க கீது தலைவரே?" என்று கேட்டார் மெம்பர் சின்னராசு.

"எங்க இருந்தா உனக்கு இன்னா? நீ போவப் போறியா?"

"இல்ல, கண்டிக்கறோமே. எந்தப் பக்கம் பாத்து கண்டிக்கறதுன்னாவது தெரியணும்ல."

"கெயக்கால பாத்து கண்டி. கையெயுத்து போடு, கம்பி வருது."

காலையில் கண்டனத் தீர்மானம், எண் பதினேழு. அதே கப்பலைப் பாராட்டி மாலையில் எண் பதினெட்டு. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. இரண்டையும் எழுதியது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக இரு தேசத்தாரும் மெச்சினார்கள். ஒருவர் பேனா கொடுத்தார், மற்றவர் குடை கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கம்பியும் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: சிவப்புக் கம்பி நீலக் கம்பத்தைத் தொடக்கூடாது. நீல தேசத்தின் நிபந்தனையும் அதுவே. உலகத்தில் இரண்டு தேசங்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் எங்கள் ஊரில் மின்விளக்கு எரியக்கூடாது என்பதுதான். கம்பத்தில் எருமை கட்டினோம். கம்பியில் துணி உலர்த்தினோம். மாவு மூட்டைச் சாக்கில் அரை டிராயர் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் குனிந்தால் பின்னால் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கட்டை பிழைத்தது. முனியன் மட்டும் விடவில்லை. ஒருநாள் நீல நிபுணரையே மடக்கிக் கட்டையைக் கேட்டான். கட்டை தங்கள் பட்டியலில் இல்லை, வேண்டுமானால் ஆகாய விமானத்திலிருந்து ஏரியைப் படம் எடுத்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. மறுநாள் அரிவாளோடு தலைவரிடம் வந்தான்.

"யாரும் குடுக்க வாணாம் தலைவரே. நானே மரத்த வெட்டிக்கறேன். உத்தரவு மட்டும் குடுங்க."

"உனக்கு வெவரம் போதாதுடா முனியா," என்றார் தலைவர் பொறுமையாக. "கட்டைய மாத்திட்டா நம்ம ஊருக்கு இன்னா கொறை கீது? கொறை இல்லாதவனுக்கு எவன் குடுப்பான்? அந்த ஓட்டை மதகுதான் நம்ம சொத்து. பத்திரமா பாத்துக்கோ."

"ஓட்டைய பத்திரமா பாத்துக்கணுமா?"

"ஆமா. எவனும் அடச்சிடாம பாத்துக்கோ."

முனியன் என்னைப் பார்த்தான். நான் புதுப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலைவரின் கொள்கை சுருக்கமானது. எவனுக்கும் எதையும் சும்மா செய்யாதே. நாளைக்கு யார் நண்பன் என்பதை நாளைக்குத் தீர்மானித்துக்கொள். அது வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அவர் மனைவி சுலோச்சனா, புதுப்புடவை விஷயம் முடிவாகிறவரை குழம்பில் புளி போடுவதை நிறுத்தி வைத்தாள். மருத்துவச்சி மங்கம்மா பிரசவ வீட்டு வாசலில் நின்று பேச்சுவார்த்தை நடத்தினாள். பிள்ளை காத்திருக்கவில்லை. கீழ்த்தெருவும் மேல்தெருவும் தேர் இழுக்கக் கயிற்றைத் தொடுமுன் ஒப்பந்தம் கேட்டன. தேர் அந்த வருஷம் நிலையிலேயே நின்றது. ஊருக்கு விவரம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் பூரித்துப் போனோம்.

எழுபத்தைந்து ஆடியில் தலைவரின் டிரான்சிஸ்டர் ஒரு செய்தி சொன்னது. நீல தேசத்து ஆளும் சிவப்பு தேசத்து ஆளும் ஆகாயத்தில் சந்தித்துக் கை குலுக்கிக்கொண்டார்களாம்.

"போச்சு," என்றார் தலைவர். "ரெண்டு பேரும் சேந்துகினா நம்மள எவன் சீந்துவான்?"

ஜீப் நின்றுபோனது. நாங்கள் சும்மா இருக்கவில்லை. 'உலக சமாதானம் நீடித்தால் இவ்வூருக்கு ஏற்படக்கூடிய இன்னல்களைக் கருத்தில் கொண்டு, தாங்கள் மீண்டும் பகைமை பாராட்டுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று இரண்டு தேசங்களுக்கும் மனு எழுதினேன். ஆவன செய்யப்படும் என்று ஞானதாஸிடமிருந்து பதில் வந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. பயிர் முழங்கால் உயரம். ஒருநாள் காலை பத்து மணிக்கு முனியனின் தமுக்கு கேட்டது. கட்டை உடைந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். முனியனும் அவன் மனைவி ஆண்டாளம்மாளும் கழுத்தளவு தண்ணீரில் நின்று வைக்கோல் பிரியைத் துவாரத்தில் திணித்துக்கொண்டிருந்தார்கள். திணிக்கத் திணிக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

"முப்பது பேரு எறங்கி மண்ணு மூட்டை போட்டா நின்னுடும்!" என்று கத்தினான் முனியன். "வாங்க நைனா!"

"மேல்தெரு எறங்கட்டும், அப்பால நாங்க," என்றது கீழ்த்தெரு. "தேருக்கு ஒப்பந்தம் போடாதவங்களுக்கு ஏரிக்கு இன்னா அவசரம்?" என்றது மேல்தெரு. காலனியிலிருந்து ஏசுதாஸ் ஆறு பேரோடு வந்து வேட்டியை மடித்துக் கட்டினான். தலைவர் பதறிப்போனார்.

"ஏ ஏசுதாஸ், எறங்காத! ஒப்பந்தம் இல்லாம எறங்கினா அப்பால நீ இன்னா கேப்பியோ, யாருக்குத் தெரியும்?"

"நான் இன்னாத்த கேக்கப் போறேன்? தண்ணி போவுது தலைவரே!"

"அதான் சொல்றேன், எதுவும் கேக்காதவன நம்ப முடியாது. ஒக்காரு."

ஏரிக்கரையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. நான்கு நாள் பேச்சுவார்த்தை. யார் முதலில் இறங்குவது, எந்தத் தெரு எத்தனை மூட்டை, பதிலுக்கு எந்தத் தெருவுக்கு என்ன சலுகை. பதினோரு ஷரத்துகள். மழைக்கு அந்தக் குடையை விரித்துக்கொண்டு ஒன்றையும் விடாமல் எழுதினேன். நான்காம் நாள் சாயங்காலம் கையெழுத்தாகி, இரண்டு தெருக்காரர்களும் கை குலுக்கிக்கொண்டு மூட்டைகளோடு மதகுக்கு இறங்கினோம்.

அங்கே தண்ணீர் இல்லை. சேற்றில் முனியன் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இன்னாத்துக்கு மூட்டை?" என்றான். "எல்லாம் போயி சேந்துடுச்சி."

போய்ச் சேர்ந்தது கீழே இருக்கிற பள்ளிப்பாக்கத்து ஏரியில். அந்த ஊருக்கு வெளியுறவுக் கொள்கை கிடையாது. தண்ணீர் வருகிறது என்று யாரோ கத்தியதும், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கரையை ஒரு முழம் உயர்த்தி, அவ்வளவையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே முனியனைக் கூப்பிட்டு நீர்க்கட்டியாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் பயிர் கதிர் விடும்போது கருகியது. எதிர்ப்பைப் பதிவு செய்தோம்.

தை மாசம் பள்ளிப்பாக்கத்தில் அறுப்பு. எங்களிடம் விதைக்கு ஒரு மணி நெல் இல்லை. தலைவரும் நானும் அங்கே போனோம். காலைப் பனி இருந்ததால் கம்பளித் தொப்பி முதல் தடவையாக உபயோகப்பட்டது. களத்தில் முனியன் தன் பங்கு நெல்லை அளந்து வாங்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஒரு மூட்டையைக் கட்டி முன்னால் வைத்தான்.

"எடுத்துகினு போங்க தலைவரே. வெதைக்கு ஆவும்."

"பதிலுக்கு?"

"பதிலுக்கு இன்னா? போயி வெதைங்க."

தலைவர் என் சட்டையைப் பிடித்து வைக்கோல் போர் மறைவுக்கு இழுத்தார்.

"சொம்மா குடுக்கறான் பெருமாளு. இதுல ஏதோ கீது. வாங்கிடாதே."

வெறுங்கையோடு திரும்பினோம். முனியனின் உள்நோக்கத்தை ஆராய மூவர் கமிட்டி அமைத்தோம். சின்னராசு, தலைவர், நான். ஆறு தடவை கூடினோம். வாங்கிக்கொள்ளலாம் என்று புரட்டாசியில் அறிக்கை கொடுத்தோம். விதைப்பு ஆடியோடு முடிந்திருந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு முனியன் வீட்டுக்குப் போனபோது அந்த மூட்டை அப்படியே இருந்தது. எலி கடித்த இடத்தில் ஆண்டாளம்மாள் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள்.

தலைவர் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இத்தினி நாளா நமக்குன்னே எடுத்து வெச்சிகினு கீறான். நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

நான் தலையாட்டினேன். அதையும் மினிட்டில் எழுதி வைத்தேன்.