ஒரே வரியில் முடித்துத் தருபவர்

எந்த வேலையையும் கணினியில் ஒரே வரிக் கட்டளையில் முடிக்கும் ஒரே வரிக்காரர் என்றோர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட, மவுஸைத் தொடுவதே பாவம் என்று உட்கார்ந்திருப்பார். நீங்கள் இரண்டு பட்டியலை அருகருகே வைத்துப் பெயர் பெயராக ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். யாராவது கூப்பிட்டார்களா? கூப்பிட வேண்டுமா என்ன? (வீட்டுச் சாவியைத் தேடச் சொன்னால் மட்டும் அவருக்கு எந்த வரியும் ஓடாது.)

எங்கள் பள்ளியில் நுழைவுத் தேர்வு. பிள்ளைகள் வாசலுக்கு வந்தாயிற்று. யாருக்கு எந்த அறை, எந்த இருக்கை என்று உடனே ஒட்டியாக வேண்டும். ஒரு கோப்பில் விண்ணப்ப எண்ணும் பெயரும், இன்னொன்றில் விண்ணப்ப எண்ணும் அறையும் இருக்கையும். எழுத்தர் அக்கா இரண்டையும் சேர்க்க உட்கார்ந்தார். வந்துவிட்டாரே நம்மவர்!

"நகருங்கக்கா, ஒரே வரி."

"வேணாம் தம்பி, பெத்தவங்க வெளிய நிக்கிறாங்க."

"ரெண்டையும் எண்படி அடுக்கணும், சேர்க்கணும், அப்புறம் அறைவாரியா, அறைக்குள்ள இருக்கைவாரியா. அவ்வளவுதான்!"

தட்டினார். வந்தது.

"என்னப்பா இது, ஒண்ணாம் இருக்கைக்கு அப்புறம் பத்து, அப்புறம் ரெண்டு?"

"நம்பரை எழுத்துன்னு நினைச்சுக்கிச்சு. சின்ன விஷயம்."

கட்டளையில் ஓர் எழுத்தைக் கூட்டினார். திரையில் வரிசை கச்சிதமாக நின்றது. எனக்கே கைதட்டத் தோன்றியது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம் இல்லையா? மாட்டார். "ரெண்டும் ஒரே கோப்பா சேர்ந்தாச்சே, இனி எதுக்குக் குப்பை?" என்று பழைய கோப்புகள் இரண்டையும் கையோடு அழித்தார். பிறகு, இந்த அழகான வரிசையை, சேர்த்துவைத்த அதே கோப்பிலேயே எழுதிவிடு என்று கட்டளையிட்டு என்டரைத் தட்டினார். கணினி சொன்ன பேச்சைக் கேட்டது. எழுதுவதற்கு இடம் வேண்டுமென்று முதலில் அந்தக் கோப்பைத் துடைத்தது. பிறகு அடுக்குவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தது. ஒன்றுமில்லை.

அக்கா விண்ணப்பக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு இடம் கொடுத்தார். தேர்வு தாமதமானது. ஒரு சிறுமி அழுதே விட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதும் பக்கத்தில் நின்ற நம்மவர் மெல்ல, "அக்கா, அகர வரிசையில கூப்பிட்டா சீக்கிரம் முடியும்" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவர் என்டரைத் தட்டியபோது, "அட, வேற பேர்ல ஒரு கோப்புல எழுதச் சொல்லியிருக்கணும், நானா இருந்தா..." என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? வந்திருந்தால், கோடிப் புண்ணியமாகப் போகும், எங்கள் பள்ளிப் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள்.