அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்த விவரம்

அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் தம்பி சித்தார்த்துக்கு, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பச்சமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் எருமையும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். தெருப் பெயர் தெரியாததால் போடவில்லை. தபால்காரர் விசாரித்துக் கொடுத்துவிடுவார்.

எழுபத்தொரு வயதில், போன வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தேன். ஆகையால் கைப்பேசியில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி விளையாட்டைப் பற்றி நீங்கள் இணையத்தில் எழுதிய எட்டு வரியை வாசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள், 'உழவன் வயிற்றெரிச்சலை விளையாட்டாக்கிய பாவிகள்' என்பது வரைக்கும் வந்தேன். யாரையோ திட்டுகிறார் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டேன். மறுநாள், 'இதை விளையாடுகிறவன் நெஞ்சில் ஈரமே கிடையாது' என்று இருந்தது. என்னைத்தான் என்று அப்புறம் தெரிந்தது.

உங்களைப் பார்த்து முந்நூறு பேர் இப்படித் திட்டியதால், மாதக் கடைசியில் விளையாட்டை எடுத்துவிடப் போவதாக அதைச் செய்தவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் உங்கள் எட்டு வரியை எடுத்துவிட்டால் மற்றவர்களும் எடுப்பார்கள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தம்பி, நானும் உழவன்தான். என் காட்டில் மூன்று போர் போட்டேன், மூன்றிலும் பாறை மாவுதான் புகையாகப் பறந்தது. விளையாட்டிலும் அப்படித்தான் பறக்கும், காட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். கேவலப்படுத்துகிறார்கள் என்கிறீர்கள். நான் அப்படியேதான் உட்கார்ந்தேன். ஆனால் விளையாட்டில் வண்டியை நகர்த்தி அடுத்த இடத்தில் போடலாம். என் மகன் கலையரசன் நிஜ ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கிறான். பொங்கலுக்கு வருவான், சில வருடம். "இத ஓட்டுப்பா, நான் என்ன பண்றேன்னு தெரியும்" என்று அவன்தான் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தான். காலையில் அவன் வண்டியைக் கிளப்பும் நேரத்துக்கு நானும் கிளப்பிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை, நாற்பத்தோராவது போரில், அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது! வீட்டில் சொல்ல ஆள் இல்லாததால் வாசலுக்கு ஓடி, "தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சின்னாயி இரண்டு குடத்தோடு ஓடி வந்தது. "எத்தன இஞ்சு தண்ணிங்ண்ணா?" என்றது. "ரண்டரை இஞ்சு அம்மிணி!" என்றேன். எங்கே என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தேங்காயும் கற்பூரமுமாக வந்தார். நான் எல்லோருக்கும் டீ போட்டேன். பால் போதாமல் எருமையை மறுபடி கறக்கப் போனேன், அது உதைத்தது. என் வீட்டுக்காரியின் காரியத்துக்கு அப்புறம் வாசலில் அத்தனை செருப்பு கிடந்தது அன்றைக்குத்தான். எண்ணிக்கூடப் பார்த்தேன். கடைசியில் கூட்டத்தில் நின்ற எதிர்வீட்டுக் கோகுல்ராஜ், "போர் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டான். கைப்பேசியைக் காட்டினேன். சின்னாயி அதைப் பார்த்தது, குடத்தைப் பார்த்தது. "இந்தத் தண்ணியில கொடத்து அடி கூட நனையாதுங்ண்ணா" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பத்து நிமிடத்தில் ஒருவரும் இல்லை. தேங்காயும் திரும்பிப் போய்விட்டது.

ஆகவே தம்பி, ஈரமில்லாதவன் என்று நீங்கள் எழுதியதை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் எந்நாளும் தண்ணீர் வர வேண்டும், பிள்ளை குட்டிகள் பக்கத்திலேயே இருந்து பிழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பச்சமுத்து (கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கைப்பேசியைப் பார்த்தேன். உங்கள் எட்டு வரிக்குக் கீழே, 'அந்த ஈரமில்லாதவன் நான்தான்' என்று நேற்று எழுதிப் போட்டிருந்தேன். பதினாறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். பதினைந்து பேர் திட்டியிருக்கிறார்கள். யுவஸ்ரீ என்ற பிள்ளை மட்டும், 'ஏனுங் தாத்தா, சாப்ட்டீங்களா?' என்று கேட்டிருக்கிறது. 'சாப்பிட்டேன் சாமி, நீ?' என்று எழுத அரை மணி நேரம் ஆனது. நீங்கள் எழுதியதை எடுத்தால் அதன் கீழே இருப்பதும் சேர்ந்து போய்விடுமாம். எடுக்காதீர்கள் தம்பி. விளையாட்டு போனால் போகட்டும். இன்னும் நாலு வரி சேர்த்துத் திட்டுங்கள், வாசிக்க எனக்கு நேரம் இருக்கிறது.