பச்சை அட்டையும் அலமாரிச் சாவியும்

இந்த முறை பச்சை அட்டை வாங்கியே தீருவது என்று காப்பீட்டுக்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார். வாங்கினால் இனிப்பு அலமாரியின் சாவி அவர் கைக்கு வரும். இரண்டு பல்லை அடைத்துவிட்டு வந்த அன்று மனைவியின் இடுப்புக்குக் குடிபோன சாவி அது. ஆறு மாதமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பல் டாக்டரம்மா வெறும் வாயை மட்டும் பார்த்து முடிவு சொல்பவரல்ல. மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி வரச் சொல்வார். பிறகு, யாருக்குப் பல் சொத்தையாகும் ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு பச்சை, மஞ்சள், சிவப்பில் ஓர் அட்டை தருவார். இவருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு படிவம் வந்திருந்தது.

"பச்சை வந்தா சாவி உங்களுக்கு. சிவப்பு வந்தா அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. சரியா?"

"சரி. அப்புறம் நீ பேச்சு மாறக்கூடாது."

"நான் எதுக்குங்க மாறப்போறேன்?"

படிவம் என்றால் மனிதருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது வருடமாக ஊரார் படிவங்களில் பொய்யை மோப்பம் பிடித்தே சம்பளம் வாங்குகிறவர். உட்கார்ந்து எழுதினார். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் தண்ணீர். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் மனசாட்சி உறுத்தியதால் ஒரு வெள்ளரிக்காய் சேர்த்தார். எழுதி முடிக்கும்வரை வாயில் ஒரு மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா வாயைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார்.

"புதுசா ரெண்டு பல்லுல சொத்தை ஆரம்பிச்சிருக்கு சார். ஆனா சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. எச்சில் சரியா ஊறலையோ என்னமோ. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

"ரத்தமா! ஊசி போட்டா?"

"ஊசி இல்லாம எப்படி சார்?"

ஊசி என்று காதில் விழுந்தாலே அவருக்கு வேர்த்துக் கொட்டும்.

"டாக்டரம்மா, ஒரு சின்ன விஷயம் எழுத விட்டுப்போச்சு. ஆபீஸ் மேஜை டிராயர்ல கொஞ்சம் மிட்டாய்..."

"எவ்வளவுன்னு கேக்கல. எத்தனை தடவை?"

"மணிக்கு ஒண்ணு."

"வீட்ல?"

"குடை உறைக்குள்ள சாக்லேட். பழைய ஷூவுக்குள்ள பிஸ்கட்."

"வேற?"

"ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில கொஞ்சம்."

பக்கத்து நாற்காலியில் மனைவி தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இவர் ஒளித்து வைத்ததைத் தேடி ஆறு மாதம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியவளுக்குக் குடை உறை மட்டும் தோன்றவே இல்லை, பாவம்.

இவருக்குச் சிவப்பு அட்டை வந்தது. அவளுக்குப் பச்சை.

"இவங்க உண்மையை எழுதியிருக்காங்க சார். மதியம் சாப்பிட்ட கையோட ஒரு கிண்ணம் இனிப்பு. அப்புறம் ராத்திரி வரைக்கும் தண்ணிதான். நாள் பூரா கொறிக்கிறதுதான் பல்லுக்கு எமன்."

ஒரு கிண்ணமா? எந்த இனிப்பு? வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. பேசக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம்.

வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"பாவம், நீங்களே வெச்சுக்குங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடம் போய் மறைத்தோமே என்று நொந்துகொண்டே அலமாரியைத் திறந்தார். துடைத்து வைத்த மாதிரி காலி.

திரும்பிப் பார்த்தார். மனைவி கிண்ணத்துக்கு மேலே குடை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.