ஹேஸ்டிங்ஸ் மலையை விட்டு இறங்காதது பற்றி

ரத்தோட்டை,
ஆவணி 2004.

அன்புள்ள மச்சான் ரபாயேல் அவர்களுக்கு,

நாவுலையில் நீங்களும் தங்கச்சி மரிய கொறற்றியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடி இராயப்பன் எழுதுவது. யாரையும் கெஞ்சி எழுதுவிக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆனாலும் எழுத எழுத வயிறு நிறைகிறது.

திருநாள் பூசையில் நான் வேதாகம வாசகம் வாசிப்பேன், வாருங்கள் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன் அல்லவா? வர வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்.

கோயில் மண்டபத்தில் வயதாளிகளுக்கு எழுத்துப் படிப்பிக்கும் சிஸ்டர் எமரன்ஸியா ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு படிப்பு விளையாட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையாம். திரையில் தமிழில் எழுத்து வரும். அதைத் தானே வாசித்து, கடைசிப் பக்கம் வரை போகிறவருக்குத்தான் வாசகம் என்பது சிஸ்டரின் சட்டம். எனக்குக் கிடைத்தவர் ஹெரால்ட் ராசா. அவருடைய ஆட்கள் மலைமேல் கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கிறார்கள், கீழே வில்லியம் என்பவர் குதிரைகளோடு நிற்கிறார். வாழ்நாளெல்லாம் தேயிலை மலையில் ஆள் நிறுத்திய கங்காணிக்கு வேறென்ன வேண்டும்? தோட்டத்தில் ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையைச் சீராக்கினேன். குதிரைகள் வந்து முட்டின, என் ஆட்கள் அசையவில்லை. பத்து மணிக்கு நிறுத்தும் பொத்தானை அமுக்கி எல்லாரையும் தேத்தண்ணிக்கு விட்டேன். பின்னால் முறைக்குக் காத்திருந்த கடைக்கார லாபிர், "கங்காணியார், அவங்க மௌத்தாகி ஆயிரம் வருஷம். இனி என்னத்துக்குத் தேத்தண்ணி?" என்றார். வேலை செய்கிறவனுக்குத் தேத்தண்ணி விட வேண்டும் என்பது கடைக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது?

பிறகு வில்லியத்தின் ஆட்கள் பயந்தவர்கள்போல் ஓடினார்கள். 'துரத்திக்கொண்டு இறங்கு' என்று எழுத்து வந்தது. தப்பில்லாமல் வாசித்தேன், மச்சான். ஆனால் இறங்குவேனா? ஸ்ட்ரைக் காலத்தில் துரை பயந்து பங்களாவுக்குள் ஓடிவிட்டார் என்று நம்பிக் கும்பலாக இறங்கிப் போய், வாசல் கேட்டில் பொலிசிடம் அடி வாங்கியவர்கள் அல்லவா நாம்? மலையிலேயே நின்றேன். பொழுது சாய்ந்தது, வில்லியம் திரும்பிப் போய்விட்டார். வென்றேன். மெஷின் என்ன சொல்லிற்று தெரியுமா? 'தவறு. மீண்டும் முயற்சிக்கவும்.' எத்தனை தரம் வென்றாலும் தவறுதான்.

சிஸ்டரிடம் நியாயம் கேட்டேன். "ஐயா, நீங்க வெல்லக்கூடாது. அன்னைக்கு அவங்க எறங்கித்தான் தோத்தாங்க. நீங்களும் தோத்தாத்தான் கடைசிப் பக்கம் வரும்," என்றார்கள்.

"தெரிஞ்சே எறக்கிவிட்டா, செத்தவன் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது, சிஸ்டர்?"

சிஸ்டர் செபமாலையை உருட்டிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இது என்ன அநியாயம்? கையெழுத்துத் தெரியாமல், சம்பளத்துக்குப் பெருவிரலை மையில் உருட்டியே காலம் போனவன் நான். பீடத்தில் ஏறி ஆண்டவருடைய வார்த்தையை வாசிக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக ஒரு மலை ஆட்களைக் கொன்றுவிட்டு வர வேண்டுமா? ஒருவரையும் இறக்க மாட்டேன். வேறு யாராவது வாசிக்கட்டும். நீங்கள் பஸ் ஏறி வந்து என் வெட்கத்தைப் பார்க்க வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சொந்தக் கையெழுத்தில்,
இராயப்பன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தரம் மண்டபத்துக்குப் போனேன். இறக்கிவிட்டேன், மச்சான். ராசாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிப் பக்கம் வந்தது, வாசகம் எனக்குத்தான். கட்டாயம் எல்லாரும் வாருங்கள். பின்வரிசையில் சிலரை மட்டும் மரங்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்களை இறக்கினேன். மெஷின் ஆள் எண்ணிப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் வாய் விட்டுவிடாதீர்கள்.